காலைல சாப்பிட ஒரு மணி அடிங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க,

நான் திண்டுக்கல் பக்கம் சின்னாளபட்டில இருந்து எழுதுறேன். ஸ்கூல் வேன் ஓட்டுறேன், இந்த வருஷத்தோட 19 வருஷம் ஆகுது. போன வாரம் உங்க பேப்பர்ல டீன் ஏஜ் பிள்ளைக எடை கூடிக்கிட்டே போறதைப் பத்தி ஒரு கட்டுரை வந்துச்சுல்ல, அதை டீக்கடைல உக்காந்து ரெண்டு தடவ படிச்சேன். பிள்ளைக காலைல சாப்பிடுறதில்ல, கடைல கண்டதை வாங்கித் திங்குதுக, போனை நோண்டிக்கிட்டே இருக்குதுக, அப்பா அம்மா கண்டுக்கிறதில்லன்னு எழுதியிருந்தீங்க. பொய்யின்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பிள்ளைக ஏன் சாப்பிடாம வருதுகன்னு ஒரு வரி கூட இல்ல. அதைத் தினமும் காலைல பக்கத்துல இருந்து பாக்குறவன் நான், அதனாலதான் எழுதுறேன், கொஞ்சம் நீளமாப் போனாலும் குறைக்காம போடுங்க.

என் வேன்ல ஏறுறது ஆறாப்புல இருந்து பன்னெண்டாப்பு வரைக்கும் மொத்தம் 16 பேரு. ரெண்டு ஸ்கூலு, ஒண்ணு அரசு உதவி பெறுற ஸ்கூலு, இன்னொண்ணு பிரைவேட். மொத ஸ்டாப் 6.50. பத்தாப்பு, பன்னெண்டாப்புக்கு 8 மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ், கேட்டை மூடிருவாங்க, அதனால ஒரே வேன்ல வர்ற மத்த பிள்ளைகளும் அந்த நேரத்துக்கே வந்தாகணும். ஏறுறப்பவே மூஞ்சியப் பாத்தா தெரிஞ்சிரும். பாதிப் பேரு கண்ணைத் தொறக்காமத்தான் ஏறுவாங்க. ஒரு பையன் தோசையைச் சுருட்டிக் கையில வச்சுக்கிட்டு ஓடி வருவான், ரெண்டு கடி கடிச்சிட்டு மிச்சத்தை ஜன்னல் வழியா காக்காய்க்கு எறிவான். ஒரு பொண்ணு தினம் ஒரு டம்ளர் டீயோட வந்துருவா. எதாச்சும் சாப்பிட்டியாம்மான்னு கேட்டா, "பசிக்கல அண்ணே"ம்பா. எல்லாரும் சொல்றது இந்த ஒரே பதில்தான். ரொம்ப நாளா நானும் இது செல்லம் குடுத்த கொழுப்புன்னுதான் நெனச்சேன்.

இன்னொண்ணும் ஒத்துக்கணும். வேனுக்குள்ள டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி "வேனில் சாப்பிடக் கூடாது"ன்னு நானே ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வச்சிருந்தேன். ஒரு தடவ சாம்பார் கொட்டி சீட்டெல்லாம் நாறிப்போச்சு, அந்தக் கோவத்துல ஒட்டினது. வீட்ல நேரமில்ல, வேன்ல கூடாது, ஸ்கூலுக்குப் போனா நேரா கிளாஸ். அப்ப அந்தப் பிள்ளை எங்கதான் சாப்பிடும்? இந்தக் கேள்வி எனக்கு 17 வருஷமா வரல. என் சொந்தப் பொண்ணு பிரேயர்ல மயங்கி விழுந்தப்பதான் வந்துச்சு.

அவ அப்ப பத்தாப்பு. என் சின்னப் பொண்ணு. ஒரு கல்யாண வீட்ல சொந்தக்காரங்க ஒருத்தர் எல்லார் முன்னாடியும் "என்னடி இப்படி ஊதிட்ட, மாப்பிள்ளை பாக்குறதே கஷ்டம்"னு சொல்லியிருக்காங்க. பதினஞ்சு வயசுப் பிள்ளைகிட்ட. அன்னைக்குச் சிரிச்சுக்கிட்டேதான் வந்தா, எங்களுக்கு ஒண்ணும் தெரியல. மறுநாள்ல இருந்து காலைச் சாப்பாட்டை நிறுத்திட்டா. வீட்ல டப்பால வாங்கிக்குவா, ஸ்கூல்ல யாருக்காவது குடுத்துருவா. அவ அம்மா காலைல அஞ்சரைக்கு மில்லுக்குக் கிளம்பிரும், நான் வேனை எடுக்குற அவசரத்துல இருப்பேன், டப்பா காலியா வருதே, சாப்பிடுதுன்னு நம்பிட்டோம்.

நடந்தது என்னன்னா, ராத்திரி ஒம்பது மணிக்குச் சாப்பிட்டது, மறுநாள் மத்தியானம் ஒண்ணு வரைக்கும் ஒழுங்கான சாப்பாடு எதுவுமே இல்ல. 16 மணி நேரம். நடுவுல பதினோரு மணி இன்டர்வெல்ல பசி தாங்காம ரெண்டு பப்ஸ், ஒரு கூல்டிரிங்க்ஸ். சாயங்காலம் டியூஷன் போற வழியில பஜ்ஜி. ராத்திரி நாங்க எல்லாரும் வீட்டுக்கு வந்து சேர்ற நேரத்துல பெருசா ஒரு சாப்பாடு, சில நாள் பரோட்டா பார்சல். எடை குறையணும்னு பட்டினி கெடந்த பிள்ளை அஞ்சு மாசத்துல நாலு கிலோ கூடிட்டா. அது அவளுக்கு இன்னும் வேதனை, அதனால மத்தியானச் சாப்பாட்டையும் பாதியாக்கிட்டா. அப்பறம் ஒரு திங்கக்கிழமை பிரேயர்ல சரிஞ்சு விழுந்துட்டா. எனக்குப் போன் வந்தப்ப அடுத்த டிரிப்புக்கு வேனுக்கு டீசல் போட்டுக்கிட்டு இருந்தேன், அந்தப் பங்க்ல இருந்து ஸ்கூல் வரைக்கும் எப்படி ஓட்டிட்டுப் போனேன்னு இன்னைக்கும் எனக்கு ஞாபகம் இல்ல.

ஆஸ்பத்திரில ரத்தம் எடுத்துப் பாத்தாங்க, ஹீமோகுளோபின் 9.2. அந்த வயசுப் பொண்ணுக்கு 12க்குக் குறையக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. நான் புரியாம கேட்டேன், இவ்வளவு எடை இருக்குற பிள்ளைக்கு எப்படிங்க ரத்தம் இல்லாமப் போகும்னு. அதுக்கு அந்தம்மா, எடை கூடுறது வேற, சத்து சேர்றது வேற, ஒரே உடம்புல ரெண்டு குறையும் சேந்தே இருக்கும், இப்ப வர்ற பிள்ளைகள்ல இதுதான் நெறயப் பாக்குறேன்னாங்க.

என் மூத்த பொண்ணு காலேஜ்ல நியூட்ரிஷன் டயட்டெடிக்ஸ், அதாவது சாப்பாடு, சத்து பத்தின படிப்பு படிக்கிறா. இதுக்கு மேல நான் எழுதுற விஷயமெல்லாம் அவ எனக்கு எடுத்துச் சொன்னதும், நான் அவகிட்டக் கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதும்தான்.

2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வுல தமிழ்நாட்டுல 15 வயசுல இருந்து 49 வயசுக்குள்ள இருக்குற பொம்பளைங்கள்ல 100க்கு 40 பேருக்கு அதிக எடை. அதுக்கு முந்தின ஆய்வுல இது 31 பேராத்தான் இருந்துச்சு. ஆம்பளைங்க 28ல இருந்து 37க்குப் போயிட்டோம். அதே ஆய்வுல 15ல இருந்து 19 வயசுக்குள்ள இருக்குற பொண்ணுங்கள்ல பாதிக்கு மேல ரத்த சோகை. இந்த ரெண்டு கணக்கையும் தனித்தனியா வாசிச்சா ஏதோ ரெண்டு ஊர்க் கதை மாதிரி இருக்கும். எனக்கு அது ரெண்டும் சேந்து என் வீட்டுக்குள்ளயே ஒரே பிள்ளையா உக்காந்திருந்துச்சு.

காலைச் சாப்பாட்டுக்கும் எடைக்கும் சம்பந்தம் உண்டான்னு கேட்டேன். அமெரிக்காவுல மினசோட்டா யுனிவர்சிட்டிக்காரங்க 2,216 டீன் ஏஜ் பிள்ளைகளை அஞ்சு வருஷம் தொடர்ந்து பாத்து 2008ல ஒரு ஆய்வு போட்டிருக்காங்க. காலைல ஒழுங்கா சாப்பிட்ட பிள்ளைகளுக்கு எடை கம்மியாத்தான் கூடியிருக்கு, சாப்பிடாம விட்ட பிள்ளைகளுக்குத்தான் கூட ஏறியிருக்கு. அதே நேரத்துல என் பொண்ணு இன்னொண்ணும் சொன்னா, அதை மறைக்கக் கூடாது. பெரியவங்களை வச்சுப் பண்ணின வேற ஆய்வுகள்ல காலைல சாப்பிட வச்சதால மட்டும் எடை குறையலையாம். அதனால காலைல நாலு இட்லி சாப்பிட்டா ஒல்லியாயிடலாம்னு யாரும் கெளம்பிற வேண்டாம். காலைல உக்காந்து சாப்பிடுற வீட்ல பொதுவா ராத்திரி நேரத்தோட சாப்பாடு, நேரத்தோட தூக்கம், கடைத்தீனி கம்மி, இதெல்லாமும் சேந்தே இருக்கும், எது எதால வருதுன்னு பிரிச்சுப் பாக்குறது கஷ்டம்னா. ஆனா எடையை விடுங்க. மொத்த உடம்பு செலவழிக்கிற சக்தியில அஞ்சுல ஒரு பங்கை மூளையே எடுத்துக்குது. வளர்ற வயசுல முந்தின ராத்திரில இருந்து வயித்துக்கு ஒண்ணும் போடாம ஒரு பிள்ளையைக் கொண்டு போயி கணக்குக் கிளாஸ்ல உக்கார வச்சுட்டு "கவனமே இல்ல"ன்னு திட்டுறது என்ன நியாயம்?

இப்ப அந்த "பசிக்கல அண்ணே"க்கு வர்றேன். நான் இந்தக் கடிதம் எழுதுறதே அதுக்காகத்தான்.

டீன் ஏஜ்ல உடம்போட கடிகாரமே கொஞ்சம் தள்ளிப் போயிருதாம். தூக்கம் வர வைக்கிற ஹார்மோன் சின்னப் பிள்ளைகளுக்கும் நமக்கும் சுரக்குற நேரத்தை விட அவங்களுக்கு லேட்டாத்தான் சுரக்கும். அதனால சீக்கிரம் படுன்னா தூக்கம் வராது. அது போக டியூஷன் முடிச்சு எட்டரைக்கு வந்து, ஹோம்வொர்க் எழுதி, நீட்டுக்குப் படிக்கிற பிள்ளையா இருந்தா அதையும் படிச்சு, கொஞ்ச நேரம் போன் பாத்து, பதினொண்ணரை பன்னெண்டுக்குப் படுத்தா காலைல அஞ்சரைக்கு எழுப்புறோம். அந்த வயசுக்கு எட்டுல இருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேணும். கெடைக்கிறது ஆறு கூட இல்ல. தூக்கம் கொறைஞ்சா பசியைத் தூண்டுற ஹார்மோன் கூடும், இனிப்பும் எண்ணெய்ப் பலகாரமும்தான் வேணும்னு மனசு கேக்கும், அதுவும் எடையிலதான் போயி நிக்கும். அஞ்சரைக்கு எழுந்த பிள்ளைக்கு ஆறேகாலுக்குச் சாப்பாட்டைப் போட்டா எப்படிப் பசிக்கும்? உடம்பு இன்னும் முழிக்கவே இல்லையே. பொம்பளைப் பிள்ளைகளுக்கு அதுக்குள்ள ரெட்டைச் சடை பின்னி ரிப்பன் கட்டணும், தண்ணி வர்ற நாள்னா ரெண்டு கொடம் புடிச்சு வைக்கணும், தம்பி தங்கச்சியைக் கிளப்பணும். எட்டு, எட்டரைக்குத்தான் வயித்துல பசி கெளம்பும். அப்பப் பாத்தா பிள்ளை ஸ்பெஷல் கிளாஸ்ல உக்காந்திருக்கு, டப்பா பையில இருக்கு, தொறந்தா திட்டு.

ஆக பசி இல்லாம இல்ல. பசிக்கிற நேரத்துல சாப்பிட விடல, சாப்பிடச் சொல்ற நேரத்துல பசிக்கல. இதுல பிள்ளை மேல என்ன குத்தம், அதோட அம்மா மேல என்ன குத்தம்? எங்க ஊர்ல மில்லுக்குப் போற அம்மாக்கள் நாலே முக்காலுக்கு எந்திரிச்சு சட்னி அரைச்சு டப்பால போட்டு வச்சுட்டுத்தான் போறாங்க. அவங்களைப் போயி கண்டுக்கிறதில்லன்னு எழுதாதீங்க சார்.

சரி நம்ம பங்குக்கு என்ன பண்ணலாம்னு யோசிச்சு, போன வருஷம் ஜூன்ல ஸ்கூல் தொறந்தப்ப ஒரு காரியம் பண்ணேன். வீட்டு வாசல் வாசலா நிறுத்துறதை விட்டுட்டு, பெத்தவங்ககிட்டப் பேசி, நாலு இடத்துல மட்டும் ஸ்டாப் வச்சேன். ரெண்டு பேரு சண்டைக்கு வந்தாங்க, மத்தவங்க ஒத்துக்கிட்டாங்க. கெளம்புற நேரம் மாறல, ஆனா பன்னெண்டு நிமிஷம் மிச்சமாச்சு. அந்தப் பன்னெண்டு நிமிஷம் ஸ்கூல் காம்பவுண்டுக்குப் பக்கத்துல இருக்குற வேப்பமரத்தடியில வண்டியை நிப்பாட்டிருவேன். ஸ்டிக்கரைக் கிழிச்சுப் போட்டேன். ஓடுற வண்டியில சாப்பிட்டா வாந்தி வரும், பொரை ஏறும், அது வேண்டாம், நின்ன வண்டியில உக்காந்து சாப்பிடுங்கன்னு சொல்லிட்டேன். கை கழுவ ஒரு 20 லிட்டர் கேன், ஒரு குப்பை வாளி, இவ்வளவுதான் செலவு. மொத வாரம் நாலு பேருதான் டப்பாவைத் தொறந்தாங்க, மத்தவங்க கூச்சப்பட்டுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. பத்து நாள்ல பதினோரு பேரு. இப்ப எல்லாருமே. ஒருத்தன் இட்லில இன்னொருத்தன் கை வைக்கிறான், பொடி யார் வீட்ல நல்லா இருக்குன்னு பேச்சு நடக்குது. டீயோட வருவான்னு சொன்னேன்ல, அந்தப் பொண்ணு இப்ப பழைய சோத்துல மோர் ஊத்திப் பிசைஞ்சு சின்ன வெங்காயத்தோட டப்பால கொண்டு வருது. மொதல்ல மத்த பிள்ளைக சிரிப்பாங்களோன்னு மூடி மூடிச் சாப்பிட்டா. இப்ப ரெண்டு பேரு அதையே கேட்டுக் கொண்டு வர்றாங்க.

வேனுக்குள்ள ஒரு டிரைவரால இது முடியுதுன்னா ஸ்கூல்ல ஏன் முடியாது? நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடிக்கிற மாதிரி காலைலயும் ஒரு மணி அடிங்க. ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சதும், மொத பீரியடுக்கு முன்னாடி, பதினஞ்சு நிமிஷம். அந்தப் பதினஞ்சு நிமிஷம் எந்த வாத்தியாரும் போர்டுல எழுதக் கூடாது, டெஸ்ட் வைக்கக் கூடாது, பிள்ளைக டப்பாவைத் தொறந்து உக்காந்து சாப்பிடணும், வாத்தியார்களும் கூட உக்காந்து சாப்பிட்டா இன்னும் நல்லது, ஏன்னா அவங்கள்லயும் பாதிப் பேரு சாப்பிடாமத்தான் பஸ் ஏறி வர்றாங்க. டப்பா கொண்டு வர்ற பிள்ளைகளுக்கு இதுக்கு ஒத்தப் பைசா செலவில்ல.

டப்பா கொண்டு வர முடியாத பிள்ளைகளுக்கு என்ன பண்றது? அங்கதான் கவர்மெண்ட் வரணும். 2022 செப்டம்பர் 15 மதுரைல முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஆரம்பிச்சாங்க. 2023 ஆகஸ்ட்ல திருக்குவளைல வச்சு எல்லா அரசு ஆரம்பப் பள்ளிக்கும் கொண்டு வந்தாங்க, 2024ல கிராமத்துல இருக்குற உதவி பெறுற ஆரம்பப் பள்ளிக்கும், 2025 ஆகஸ்ட்ல டவுன்ல இருக்குற உதவி பெறுற ஆரம்பப் பள்ளிக்கும் வந்துச்சு. நல்ல திட்டம், எங்க தெருவுல கூலி வேலைக்குப் போற வீட்டுப் பிள்ளைக அதுல கிச்சடியும் பொங்கலும் சாப்பிட்டுத் தெளிவா இருக்குறதை நான் கண்ணால பாக்குறேன். ஆனா அது ஒண்ணாப்புல இருந்து அஞ்சாப்பு வரைக்கும்னு போட்ட திட்டம். ஏப்ரல் மாசம் வரைக்கும் காலைல சுடச்சுடச் சாப்பிட்ட பிள்ளை ஜூன்ல ஆறாப்புல காலடி வைக்குது, அன்னைக்கே அது வயிறு மாறிடுமா? சொல்லப்போனா அந்த வயசுலதான் பசி கூடும். பதினொண்ணு பன்னெண்டுல உடம்பு நீட்டம் புடிக்க ஆரம்பிக்குது, பொம்பளைப் பிள்ளைகளுக்கு மாசாமாசம் ரத்தம் போகுது, இரும்புச்சத்து சின்ன வயசை விடக் கூடுதலா வேணும். ரொம்பத் தேவைப்படுற வயசுல தட்டை எடுத்துருறோம்.

முடியாதுன்னு யாரும் சொல்ல முடியாது, ஏன்னா இதே தமிழ்நாடு இதைப் பண்ணிக் காட்டியிருக்கு. 1920ல மெட்ராஸ் கார்ப்பரேஷன் ஆயிரம் விளக்குல ஒரு ஸ்கூல்ல மத்தியானச் சாப்பாடு போட்டுச்சு. 1956ல காமராஜர் அதை மாநிலத்துக்கே கொண்டு வந்தாரு. 1982ல எம்.ஜி.ஆர். சத்துணவு ஆரம்பிச்சப்ப மொதல்ல கிராமத்துச் சின்னப் பிள்ளைகளுக்குன்னுதான் ஆரம்பிச்சாரு, அதே வருஷம் டவுனுக்கும் வந்துச்சு, 1984ல 15 வயசு வரைக்கும் நீட்டுனாங்க. ரெண்டே வருஷம். அப்ப இருந்த வசதிக்கு அது முடிஞ்சிருக்கு. சத்துணவுக் கூடம் இருக்கு, அடுப்பு இருக்கு, ஆளு இருக்காங்க, பத்தாப்பு வரைக்கும் மத்தியானம் சாப்பாடு போட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. ஆளுகளுக்குக் கூடச் சம்பளம் குடுங்க, அது நியாயம், காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு வர்ற வேலை அது. ஆறாப்புல இருந்து பன்னெண்டாப்பு வரைக்கும் ஒரேயடியா முடியலன்னா மொதல்ல எட்டாப்பு வரைக்காவது நீட்டட்டும்.

பள்ளிக்கூட வாசல் கடைகளைப் பத்தியும் உங்க கட்டுரைல இருந்துச்சு. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020லயே சட்டம் போட்டுருச்சு, கொழுப்பு, உப்பு, சக்கரை அதிகமா உள்ள தீனியை ஸ்கூலுக்குள்ளயும் கேட்ல இருந்து 50 மீட்டருக்குள்ளயும் விக்கக் கூடாதுன்னு. என் வேன் நிக்கிற எடத்துல இருந்து எண்ணுனா 50 மீட்டருக்குள்ள மூணு கடை இருக்கு. அந்தக் கடைக்காரங்களை வெரட்டச் சொல்லல, அவங்களும் பொழைக்கணும். ஆனா ஆயக்குடி கொய்யா பக்கத்துலதான் வெளையுது, சிறுமலை வாழைப்பழம் நம்ம மலைல இருந்து எறங்குது, அவிச்ச கடலை, சுண்டல், கம்மங்கூழ் வித்தா வாங்க மாட்டாங்களா? பத்து ரூவாக்குக் கொய்யாத் துண்டுல மொளகாப்பொடி தூவிக் குடுத்தா எங்க வேன் பிள்ளைக அடிச்சுப் புடிச்சு வாங்குதுக. கூல்டிரிங்க்ஸ் பாட்டில் பின்னாடி சின்ன எழுத்துல போட்டிருக்குறதை என் பொண்ணு படிச்சுக் காட்டுனா, 100 மில்லில 10 கிராம் சக்கரைக்கு மேல. கால் லிட்டர் குடிச்சா ஆறு ஸ்பூன் உள்ள போயிருச்சு, ஒரு நாள் முழுக்கவே அதுக்குள்ள இருந்தாத்தான் நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

அதே மாதிரி பால்ல கலக்குற சாக்லேட் பவுடரு. "காலைல ஒரு டம்ளர் குடிச்சுட்டா போதும்"னு நம்பி ஏமாந்தவன்ல நானும் ஒருத்தன். 2024 ஏப்ரல்ல மத்திய வர்த்தக அமைச்சகமே ஆன்லைன்ல விக்கிறவங்ககிட்ட, ஹெல்த் டிரிங்க்ஸ்ங்கிற வரிசைல இருந்து இதையெல்லாம் எடுத்துருங்கன்னு சொல்லிருச்சு, ஏன்னா சட்டத்துல ஹெல்த் டிரிங்க்ஸ்னு ஒண்ணு கெடையவே கெடையாது. அந்தக் காசுக்கு முட்டை வாங்கி அவிச்சு டப்பால போட்டு விடலாம்.

டப்பால என்ன வைக்கிறதுன்னு பல அம்மாக்கள் என் பொண்ணுகிட்டப் போன் பண்ணிக் கேக்குறாங்க, அதனால அதையும் எழுதிருறேன். கையில எடுத்துச் சாப்பிடுற மாதிரி, ஆறிப்போனாலும் நல்லா இருக்குற மாதிரி இருக்கணும். நல்லெண்ணெயும் பொடியும் தடவின இட்லி, முருங்கைக்கீரை போட்ட கம்பு அடை, கேப்பை ரொட்டி, எலுமிச்சம்பழச் சாதத்துல வேர்க்கடலை, தயிர்ச்சாதம், அவிச்ச முட்டை. ஒண்ணுமே எறங்கலங்கிற பிள்ளைக்கு ரெண்டு வாழைப்பழம், ஒரு கைப்பிடி கடலை. கூடவே நெல்லிக்காயோ கொய்யாவோ இருந்தா சாப்பாட்டுல இருக்குற இரும்புச்சத்தை உடம்பு நல்லாப் புடிச்சுக்கும், டீயைச் சாப்பாட்டோட சேத்துக் குடிச்சா அது தடுத்துரும். ஸ்கூல்ல வாராவாரம் குடுக்குற இரும்புச்சத்து மாத்திரையை நெறய பிள்ளைக தூக்கிப் போட்டுருதுக, வயித்தைப் பொரட்டுதாம். வெறும் வயித்துல போட்டா பொரட்டத்தான் செய்யும், சாப்பிட்டுட்டுப் போடச் சொல்லுங்க.

வெளையாட்டைப் பத்தி நான் ரொம்ப எழுதல, எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரமாவது ஓடியாடணும்னு சொல்றாங்க, எங்க வேன்ல வர்ற பத்தாப்புப் பிள்ளைகளுக்கு வாரத்துக்கு ரெண்டு பி.டி. பீரியட், அந்த ரெண்டையும் கணக்கு வாத்தியாரும் சயின்ஸ் வாத்தியாரும் மாத்தி மாத்தி வாங்கிக்கிறாங்க. கிரவுண்டு சும்மா கெடக்கு. வயசுக்கு வந்த பொம்பளைப் பிள்ளைக வெளையாடுறது சுத்தமா நின்னு போச்சு, அதை வீட்டுலயும் சேந்துதான் நிறுத்துறோம்.

ஆனா இதை மட்டும் கண்டிப்பாப் போடுங்க. வளர்ற பிள்ளையைப் பாத்து குண்டு, குண்டூஸ், டேங்கர்னு பேரு வைக்காதீங்க. அதே மாதிரி ஒல்லியா இருக்குற பையனைத் தீக்குச்சி, காத்தடிச்சா பறந்துருவங்கறதும் வேண்டாம். உயரத்துக்கு ஏத்த எடை இருக்கான்னு பாக்க பெரியவங்களுக்குப் போட்ட பி.எம்.ஐ. கணக்கைப் பதிமூணு வயசுப் பிள்ளைக்குப் போடக் கூடாது, அதுகளுக்கு வயசையும் ஆணா பெண்ணாங்கிறதையும் வச்சுத் தனியா சார்ட் இருக்கு, அதை டாக்டரோ நர்சோ பாத்துச் சொல்லணும், கல்யாண வீட்டுப் பந்தியில உக்காந்து நாம சொல்லக் கூடாது. அந்த ஒரு வார்த்தைதான் என் பிள்ளையைப் பட்டினி போட்டுச்சு. சொன்னவங்களுக்கு அது ஞாபகம் கூட இருக்காது. என் பொண்ணு இன்னைக்கும் அந்தச் சொந்தக்காரங்க வீட்டு விசேஷம்னா வயித்து வலின்னு சொல்லிட்டு வீட்லயே இருந்துக்கிறா.

அவ இப்ப பதினொண்ணாப்பு. ஹீமோகுளோபின் 11.6க்கு வந்துருச்சு, இன்னும் கொஞ்சம் ஏறணும்னு மாத்திரை ஓடுது. எடை பெருசா கொறையல, நாங்களும் மிஷின் பக்கமே அவளைக் கூப்பிடறதில்ல. வேப்பமரத்தடியில வேனோட பின் சீட்ல உக்காந்து பிள்ளைகளோட சேந்து சாப்பிடுறா, கண்ணாடியில பாத்துக்கிட்டேதான் இருப்பேன்.

காலை மணி அடிக்கச் சொல்லி கையெழுத்து வாங்கி ரெண்டு ஸ்கூல் ஹெச்.எம்.கிட்டயும் மனு குடுத்திருக்கேன். ஒருத்தர் மேனேஜ்மெண்ட்டைக் கேக்கணும்னாரு. இன்னொரு மேடம் ஸ்பெஷல் கிளாஸ் பிள்ளைகளுக்கு மட்டும் வராந்தாவுல பத்து நிமிஷம் விட்டுப் பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க, அடுத்த மாசம் மொத சனிக்கிழமை பேரண்ட்ஸ் மீட்டிங்ல பேசி முடிவு பண்றோம்னாங்க. நீங்க அதுக்குள்ள இதைப் பேப்பர்ல போட்டீங்கன்னா வெட்டி எடுத்துட்டுப் போயி மீட்டிங்ல எல்லாருக்கும் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஸ்கூல் வேன் டிரைவர், ரெண்டு பொண்ணுகளோட அப்பா,
சின்னாளபட்டி, திண்டுக்கல் மாவட்டம்.